எந்த டிஸ்க்கைக் கழற்றுவது?

வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருப்பார்கள். எதைச் சொன்னாலும் வீட்டைப் பிடித்துவிடலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பிழைச் செய்திகளில் அந்த வசதி இல்லை. பழுதான ஒரே ஹார்ட் டிஸ்க்கை ஒரு வரி (அது மாட்டியிருக்கும் ஏடிஏ போர்ட்டை வைத்து) 'ஏடிஏ3.00' என்று சொல்லும், அடுத்தது '2:0:0:0' என்று சொல்லும், இன்னொன்று 'எஸ்டிபி' என்று சொல்லும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ரெய்டு போட்டிருந்தால் ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரிவது 'எம்டி0' மட்டும்தான்.

இந்தச் செய்திகள் பதிவாகும் லாக்கில் 'எஸ்டிபி' என்று மட்டும் தேடினால் உருப்படியான வரி தப்பிவிடும். காரணத்தைச் சொல்வது ஏடிஏ வரிதான். அதில் எஸ்டிபி என்ற பெயரே வராது. அங்கே 'யுஎன்சி' என்றிருந்தால் டிஸ்க்கால் அந்த செக்டாரை, அதாவது தன்னில் உள்ள அந்தச் சிறு துண்டை, படிக்க முடியவில்லை. 'ஐசிஆர்சி' என்றிருந்தால் தரவு வரும் வழியில் கெட்டிருக்கிறது: கேபிளையும் கனெக்டரையும் பாருங்கள். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்று கனெக்டர் முனைகளை அரிக்கும், அதனால் இந்தச் சந்தேகம் முதலில் வரவேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில், இப்படிக் கெட்ட தடவைகளை எண்ணும் 199ஆம் வரிசையின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கேபிளை மாற்றுங்கள். அந்த எண்ணிக்கை கேபிளை மாற்றினாலும் குறையாது. மேலும் ஏறாமல் நின்றாலே போதும். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தப் பெயர்களை ஒன்றோடொன்று இணைக்க, கர்னல் டிவைஸ்களைக் காட்டும் 'சிஸ்' அடைவுக்குள் 'பிளாக்' அடைவில் எஸ்டிபி என்ற இணைப்பு எங்கே போகிறது என்று 'ரீட்லிங்க்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். ஏடிஏ3, ஹோஸ்ட்2, 2:0:0:0, எஸ்டிபி எல்லாம் ஒரே பாதையில் வரிசையாக நிற்கும். ஏடிஏ எண்ணில் ஒன்றைக் கழித்தால் ஹோஸ்ட் எண் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். யுஎஸ்பி டிரைவ் ஒன்று நடுவில் ஹோஸ்ட் எண்ணை எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் கண்டுபிடித்த வரிசையில் வைத்த பெயர்கள். ரீபூட் ஆனால் மாறலாம், ஆகவே நேற்றைய லாக்கை வைத்து இன்று டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். மாறாதது சீரியல் எண். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பெயர், ஹெச்சிடிஎல் (2:0:0:0 போன்ற எண்), சீரியல், மாடல் நான்கையும் கேட்டு வாங்கி, சீரியலின் கடைசி நான்கு எழுத்தை டிஸ்க்கின் வெளியே தெரியும் விளிம்பில் ஒட்டுங்கள். எல்லாம் நன்றாக ஓடும்போதே ஒட்டவேண்டும். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் கவனம்: சில பெட்டிகள் டிஸ்க்கின் சீரியலை மறைத்துத் தம்முடையதைக் காட்டும். யுயுஐடியையும் இதற்கு நம்பவேண்டாம். அது ஃபைல் சிஸ்டத்தின் அடையாளம். டிடி கட்டளை போட்டு டிஸ்க்கை அப்படியே நகல் (குளோன்) எடுத்தால் இரண்டிலும் அதே எண் இருக்கும்.

டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழைச் செய்தி எழுத 'பிஆர்_எர்' வேண்டாம், 'டெவ்_எர்' போடுங்கள். டிரைவர் பெயரும் டிவைஸ் பெயரும் வரியின் தலையில் தானாக வரும். டிவைஸ் அடையாளம் தனிப் புலமாக ஜர்னல் என்ற சிஸ்டம் லாக்குக்கும் போகும். ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு டிவைஸ் பாதையைக் கொடுத்தால் அதன் செய்திகளோடு, பாதையில் அதற்கு மேலே இருக்கும் தாய் டிவைஸ்களின் செய்திகளையும் சேர்த்துத் தருவது இந்தப் புலத்தை வைத்துத்தான்.

செத்த டிஸ்க் பதிலே சொல்லாவிட்டால் உயிரோடு இருப்பவற்றின் சீரியல்களை எழுதிக்கொண்டு பெட்டியைத் திறங்கள். பட்டியலில் இல்லாத சீரியல் எதில் ஒட்டியிருக்கிறதோ, அதைக் கழற்றுங்கள்.