பாய் தைக்கிறவர்கள்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு. சென்னிமலை

ஈரோட்டுக்குப் போய் ஒரு படத்தை வண்ணத்தில் அச்செடுத்து வந்தேன். வீட்டுக்கு ஓவியம் கற்க வரும் பிள்ளைகள் நிழல் என்றாலே கறுப்பை அப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குக் காட்டத்தான். ஸ்பெயின் ஓவியர் ஹோவாக்கின் சொரோயா 1896-இல் வரைந்தது. வாலென்சியாக் கடற்கரையில், பூந்தொட்டிகளுக்கு நடுவே, பெண்கள் படகுப் பாயைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“என்ன படம் கண்ணு?” என்றாள் அம்மாயி, என் அம்மாவைப் பெற்றவள்.

“பாய் தைக்கிறார்கள்.”

“பாயைப் பின்னுவார்கள். தைப்பார்களா?”

கடலைத் திருச்செந்தூரில் ஒரே ஒரு முறை பார்த்தவள். கோரைப்பாய் அல்ல, காற்றுப் பிடிக்கும் பாய் என்று விளக்குவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

படத்தைத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கப் பார்க்க, கடற்கரைப் படம் என்று இதைச் சொல்வதே சரியா என்று தோன்றுகிறது. கடலைக் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது. படத்தை அடைத்துக் கிடப்பது துணிதான். அதுவும் வெள்ளை என்று நாம் நினைத்துக்கொள்ளும் துணி. கிட்டே போனால் ஊதா, நீலம், இளமஞ்சள். இலை இடுக்கில் விழும் வெயில் துணியின் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறுகிறது. வெள்ளை வண்ணக் குழாயை அந்த மனிதர் எத்தனை முறை திறந்து மூடினாரோ!

அசல் வெனிஸ் நகரில், கா பேசரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். நம் ஊர் இரட்டைக் கட்டில் போர்வை 90-க்கு 108 அங்குலம். கிட்டத்தட்ட அதே அளவு! இதைச் சொன்னதும்தான் அம்மாயி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “துணியை இப்படியா தரையில் போட்டுப் புரட்டுவார்கள்? கறை பட்டால் யார் வாங்குவது?” என்றாள். படகுக்குத்தானே, எப்படியும் நனையப்போகிறது என்றேன். அவளுக்கு ஒப்பவில்லை.

சற்றுக் கழித்து அவளாகவே பாவடிப் பேச்சை எடுத்தாள். விடியுமுன் தெருநீளத்துக்குப் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இருபுறமும் ஆட்கள் நின்று நீவுவார்களாம். வெயில் ஏறினால் கஞ்சி இறுகிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும். அறுந்த இழையை விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு பிணைப்பது பெண்கள் வேலை. “கைதான் வேலை செய்யும். வாய் ஊர்க்கதை பேசும். இவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், பார்” என்று படத்தைக் காட்டினாள். நான் நிழலையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். மலைக்குப் போகிற கூட்டத்தில் தெருவைக் கடக்க முடியவில்லை. காங்கேயத்திலிருந்து மாமா வந்திருந்தார். அதே ஓவியர் 1894-இல் வரைந்த இன்னொரு படத்தைப் போனில் காட்டினேன்: மீன்பிடித்துத் திரும்பிய படகைக் காளைகள் கரைக்கு இழுக்கின்றன. இப்போது பாரிஸில், ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியத்தைப் பற்றி மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. “உப்புத் தண்ணீரில் நிறுத்தினால் குளம்பு என்னத்துக்கு ஆகும்?” என்பதுதான் கவலை. காளை வளர்ப்பவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

ஏப்ரல் 12, சனி

பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைத் துண்டை ஜன்னலோரம் போட்டு வரையச் சொன்னேன். மூன்று பேர் நிழலுக்கு நீலம் எடுத்தார்கள். ஒருவன் பிடிவாதமாகக் கறுப்பு.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொரோயாவுக்கு இரண்டு வயதானபோது தாயும் தந்தையும் காலராவில் இறந்துவிட்டார்கள். தாயின் சகோதரி வீட்டில் வளர்ந்தவர். இதைக் கேட்டதும் துணியைத் தரையில் போட்ட குற்றத்தை அம்மாயி மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

மதியம் அவள் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருக்கையில் கைகளை வரைய உட்கார்ந்தேன். ராட்டையைச் சுற்றும் வலது கை பிடிபட்டது. நூலை விடும் இடது கை பிடிபடவே இல்லை. மூன்றாவது தாளைக் கிழித்தபோது அவள் எழுந்துபோய், கொடியில் காய்ந்திருந்த போர்வையை இழுத்து வந்தாள்.

“சும்மா உட்கார்ந்திராதே கண்ணு. அந்தத் தலைப்பைப் பிடி.”

பிடித்தேன். நடுவில் தொய்ந்து தரையைத் தொடப் பார்த்தது. “தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி” என்றாள்.