சாட்ஸ் முடிவுகளை வைத்து என்ன கேட்கிறோம்

லண்டனில் ஒரு கவுன்சிலின் கல்விப் பிரிவில் எனக்கு வேலை. பள்ளிகளின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து, பள்ளிவாரியாக அலசி, பள்ளி மேம்பாட்டு அதிகாரிகள் தலைமையாசிரியர்களைச் சந்திக்கப் போகும்போது அவர்கள் கையில் கொடுப்போம், சில சமயம் நாங்களும் கூடவே போவோம். ஜூலையில் இயர் 6, அதாவது ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாட்ஸ் என்ற தேசியத் தேர்வின் முடிவுகள் வந்துவிடும், பள்ளி திறந்ததும் செப்டம்பர், அக்டோபரில் சந்திப்புகள்.

பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். வாசிப்பிலும் கணக்கிலும் மதிப்பெண் 80 முதல் 120 வரை, 100 எடுத்தால் எதிர்பார்க்கும் தரத்தை எட்டியதாகக் கணக்கு. எழுத்துக்குப் பரீட்சை கிடையாது, வகுப்பு ஆசிரியரே மதிப்பிடுகிறார். மூன்றிலும் தரத்தை எட்டியவர்கள் எத்தனை விழுக்காடு என்பதுதான் எல்லோரும் முதலில் தேடும் எண். நாடு முழுவதற்கும் 2019இல் அது 65, கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 59, 2025இல் 62. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர்கூட இன்னும் எட்டவில்லை.

இந்த ஒற்றை எண்ணோடுதான் எனக்குச் சண்டை. கணக்கில் 115 எடுத்து வாசிப்பில் 99 எடுத்த பிள்ளையும், வினாத்தாளின் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாத பிள்ளையும் இதில் ஒன்றுதான், இரண்டு பேருமே "எட்டவில்லை". வருடத்துக்கு ஒரே வகுப்பு வைத்திருக்கும் சின்னப் பள்ளியில் முப்பது பேர் என்றால் ஒரு பிள்ளைக்கே மூன்று விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். போன வருடம் 70, இந்த வருடம் 60 என்றால் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும், ஆனால் அது மூன்று பிள்ளைகள். முன்னெல்லாம் முன்னேற்ற அளவீடு என்று ஒன்று பக்கத்தில் இருந்தது, சின்ன வயதில் எந்த நிலையில் இருந்த பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அது காட்டும். 2020, 2021இல் இயர் 2 தேர்வுகள் நடக்காததால் 2024, 2025இல் அதைக் கணக்கிடவே வழியில்லாமல் போயிற்று. இயர் 1க்கு முந்தைய ரிசெப்ஷன் வகுப்பில் எடுக்கும் புதிய அடிப்படை மதிப்பீட்டை வைத்து அதைக் கணக்கிடுவது 2028இல்தான் தொடங்கும். அந்த இரண்டு வருடமும் பாரமெல்லாம் அந்த ஒற்றை விழுக்காட்டின் மேல்.

ஒரு பள்ளியில் இப்படித்தான் எண் இறங்கியிருந்தது. வழக்கமாகத் தலைமையாசிரியரும் துணைத் தலைமையாசிரியரும் மட்டும்தான் உட்காருவார்கள், அன்று இயர் 6 ஆசிரியையையும் கூப்பிடச் சொன்னோம். விழுக்காட்டை ஓரமாக வைத்துவிட்டு, பட்டியலில் கீழே இருந்து ஒவ்வொரு பெயராக அவர் பேச ஆரம்பித்தார். ஒரு பையன் வாசிப்பில் 98. கேள்விவாரியான விவரத்தைத் திறந்து பார்த்தால் முதல் இரண்டு பகுதிகளிலும் அநேகமாக எல்லாம் சரி, மூன்றாவது பகுதி முழுக்க வெறுமை. ஒரு மணி நேரத்தில் மூன்று பகுதிகளைப் படித்து விடை எழுதி முடிக்க வேண்டிய தேர்வு அது. பையனுக்குப் புரிகிறது, வேகம்தான் இல்லை. அவனுக்கு வேண்டியது தினமும் கொஞ்ச நேரம் வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி. பள்ளி கொடுத்திருந்ததோ கருத்தறிதல் பயிற்சித்தாள்கள், அதுவும் வாரக்கணக்கில்.

அடுத்தது ஒரு தமிழ்ப் பிள்ளை. இயர் 5 நடுவில் குடும்பத்தோடு பிரான்ஸிலிருந்து வந்தவள், பிரெஞ்சு சரளமாக வாசிப்பாள், கணக்கு நன்றாக வரும், ஆங்கிலம்தான் புதிது. இப்படி அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளைப் பள்ளியின் அதிகாரபூர்வ எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று செப்டம்பரில் பள்ளி விண்ணப்பிக்கலாம். அந்த விதி நியாயமானதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையிலிருந்து எடுத்த கையோடு எங்கள் கூட்டத்திலிருந்தும் அவள் காணாமல் போய்விடுவாள், யாரும் அவளைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அதனால் நீக்கப்பட்டவர்களுக்கும் எங்கள் தாளில் தனி வரிசை இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன்.

தமிழ்ப் பிள்ளைகள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இனவாரியாக வெளியாகும் தேசிய அட்டவணைகளில் நம் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் "பிற ஆசியர்" என்ற தலைப்புக்குள் கலந்துவிடுகிறார்கள். இலங்கைத் தமிழர் என்று தனிக் குறியீடு இருக்கிறது, விரிவான குறியீடுகளைப் பயன்படுத்தும் கவுன்சில்களில் அதைப் பிரித்துப் பார்க்க முடியும். பள்ளியில் சேர்க்கும்போது கொடுக்கும் படிவத்தில் அந்தக் கட்டத்தையும் தாய்மொழிக் கட்டத்தையும் அவசரத்தில் காலியாக விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் ஆங்கிலம் என்றே எழுதிவிடுகிறார்கள். அப்புறம் மொழி உதவி தேவைப்படும் பிள்ளைகளைத் தேடும்போது அந்தப் பெயர் எங்கள் பட்டியலில் வராது.

கவுன்சிலுக்கு இப்போது பெரிய அதிகாரமெல்லாம் கிடையாது. உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அகாடமிகள், அதாவது கவுன்சிலின் கீழ் வராமல் அரசிடம் நேரடியாக நிதி வாங்கும் பள்ளிகள், ஆரம்பப் பள்ளிகளிலும் நிறைய மாறிவிட்டன, அவற்றுக்கு நாங்கள் உத்தரவு போட முடியாது. எங்களிடம் மிச்சம் இருப்பது கேள்வி கேட்கும் வாய்ப்புதான். நாங்கள் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி "ஏன் 60?" என்றால் அந்தத் தலைமையாசிரியர் என்ன செய்வார்? 97, 98இல் இருப்பவர்களைப் பிடித்துத் தள்ளி அடுத்த வருடம் 67 ஆக்குவார். உதவி ஆசிரியரின் நேரம், மதியக் குழுக்கள், ஈஸ்டர் விடுமுறை வகுப்புகள் எல்லாம் அவர்களுக்கே போகும். 85இல் இருக்கும் பிள்ளை எவ்வளவு முயன்றாலும் அந்த எண்ணை அசைக்கப் போவதில்லை, ஆகவே யாருக்கும் அவசரமில்லை. தலைமையாசிரியரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், எதைக் கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் தயார் செய்கிறார்.

அதனால் கூட்டத்துக்கு நான் தயாரிக்கும் தாளில் முதல் பக்கம் 90க்குக் கீழே இருந்த பிள்ளைகளும் மதிப்பெண்ணே கிடைக்காத பிள்ளைகளும். எப்போது பள்ளியில் சேர்ந்தார்கள், வருகைப் பதிவு எப்படி, எழுத்துக்கூட்டி வாசிப்பதைச் சோதிக்கும் இயர் 1 ஃபோனிக்ஸ் தேர்வில் என்ன ஆயிற்று, ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களா என்பதெல்லாம் பெயருக்கு நேரே இருக்கும். விழுக்காடு பின்பக்கத்தில். சில தலைமையாசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை, "இந்தப் பிள்ளைகள்தான் போய்விட்டார்களே, இனி பேசி என்ன?" என்பார்கள். போனது இயர் 7க்குத்தான், அதுவும் பெரும்பாலும் இதே கவுன்சில் எல்லைக்குள். மூன்றாவது பகுதியைத் தொடாத அந்தப் பையனைப் பற்றி அவன் புதுப் பள்ளியின் ஆங்கில ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னோம், இயர் 6 ஆசிரியை அன்று மாலையே அனுப்பிவிட்டார். பிரான்ஸிலிருந்து வந்த பிள்ளைக்குப் புதுப் பள்ளியில் மொழி உதவி ஏற்பாடாகியிருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாகத் துணைத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.