மழைக்குள் தொலைகிறவர் பக்கத்தில்

“நீங்க யாரு?”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, கட்டினவர் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இலங்கை மலையகத்து அட்டனுக்கு வருகிறவளுக்குக் கடல் தாண்டிய தூரம் அந்த நொடியில்தான் உறைக்கும். எலுமிச்சம்பழம் கேட்டால் தேசிக்காய் தருவார்கள், பிரெட் பாண் ஆகிவிடும், டீ என்றால் பாலில்லாத சாயத்தண்ணி வரும். அதெல்லாம் மூன்று மாதத்தில் பழகிப்போகும், சிரிக்கவும் வைக்கும். இது அப்படிப் பழகுகிற விஷயம் இல்லை.

இதற்கு டிஸோசியேஷன் என்று பேர், மனவிலகல் எனலாம். தாங்க முடியாத பயத்தை முன்பு எப்போதோ பட்ட மனம், தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும். பிற்பாடு சின்ன அதிர்ச்சிக்குக்கூட அதே வழியில் போய்விடும். சிலருக்குத் தன் கை தன் கை மாதிரி இருக்காது. சிலருக்கு வீடே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் தெரியும். சிலருக்கு ஒரு மணி நேரம் நினைவிலேயே இருக்காது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒன்றைப் பார்த்தவருக்கு ராத்திரி தகரத்தில் மழை கொட்டும் சத்தமே போதும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. பார்வை ஒரே இடத்தில் நிற்கும், பதில் வரத் தாமதமாகும், குரலில் ஏற்ற இறக்கம் போய்விடும். அப்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், கத்தியையும் த்ரீவீல் (ஆட்டோ) சாவியையும் எடுத்து வையுங்கள். பிறகு எதிரில் நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை தூரம் தள்ளி உட்காருங்கள். தாழ்ந்த குரலில், ஒவ்வொன்றாக: “ஏங்க, நான்தான். இது அட்டன், நம்ம வீடு. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, மணி நாலு. மழை பெய்யுது, வீடு பத்திரமா இருக்கு.” நிறுத்தி, திரும்பச் சொல்லுங்கள். “என்னைத் தெரியலையா?” என்று சோதிக்காதீர்கள். பதில் தெரியாத கேள்வி அவரை இன்னும் உள்ளே தள்ளும். கேட்காமல் தொடவும் கூடாது. பழைய பயத்தில் இருப்பவருக்கு அந்தக் கை யாருடையது என்று தெரியாது.

கொஞ்சம் திரும்பி வந்ததும் பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். அட்டன் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ் தேவையில்லை. நனைத்த துணியை நீட்டி, மணிக்கட்டில் அவரே வைத்துக்கொள்ளட்டும். நசுக்கிய இஞ்சியை முகரக் கொடுக்கலாம். பேச்சு வந்த பிறகு கண்ணில் படுகிற ஐந்து பொருள், தொட நான்கு, கேட்க மூன்று, முகர இரண்டு, சுவைக்க ஒன்று என்று சொல்லச் சொல்லலாம். கண்ணை மூடி மூச்சு விடச் சொல்வது பதற்றத்துக்கு நல்லதுதான், ஆனால் மனவிலகலில் பல பேருக்கு அது கேடு. வெளியே பார்க்க ஒன்றுமில்லாதபோது மனம் மறுபடி போய்விடும்.

நிஜமான கஷ்டம் கூட்டம். லயத்தில் சுவர் பொது, காது பொது. “ஓடியாங்க!” என்று ஒரு குரல் போதும், பத்துப் பேர் வாசலில். ஒருவர் கன்னத்தில் தட்டுவார், ஒருவர் தண்ணீரை மூஞ்சியில் அடிப்பார், ஒருவர் “காத்து கருப்பு, நூல் கட்டுங்க” என்பார். நம் ஊரிலும் இதேதான், அதனால் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. மாமியார் திருநீறு பூசட்டும், கணவருக்குப் பிடித்திருந்தால் அதுவே நிதானம் தரும். மிளகாய்ப் புகை போடுவதையும் பிரம்பெடுப்பதையும் மட்டும் குறுக்கே நின்று தடுங்கள். பயத்தில் ஒளிந்தவரைப் பயமுறுத்தி வெளியே கொண்டுவர முடியாது. பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒரே ஒருவரிடம், நல்ல நேரத்திலேயே சொல்லி வையுங்கள்: “ஆளுகள வாசல்ல நிறுத்துங்கக்கா, அது போதும்.”

முதல் தடவை என்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும், வலிப்பும் சர்க்கரை இறங்குவதும் இதே மாதிரி தெரியலாம். கைகால் வெட்டி வெட்டி இழுத்தால், நாக்கைக் கடித்தால், முகமோ கைகாலோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால், தலையில் அடிபட்டிருந்தால் 1990 அம்புலன்ஸ். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் 1926 மனநல உதவி எண்ணை அழையுங்கள். கிளினிக் கொப்பியோடு (நம் ஊர் நோட்டுதான்) இன்னொரு கொப்பியும் கொண்டுபோங்கள்: தேதி, முன்னால் நடந்தது, எத்தனை நிமிடம், எது திரும்பக் கொண்டுவந்தது. சிங்களம் பேசும் டாக்டராக இருந்தால் அந்த நான்கு வரியைக் கொப்பியிலேயே யாரையாவது சிங்களத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மனவிலகலுக்கென்று தனி மாத்திரை கிடையாது, முக்கிய வைத்தியம் பேச்சுச் சிகிச்சை. கூடவே வரும் மனச்சோர்வுக்கு மருந்து தருவார்கள்.

வந்த பிறகு களைத்துப்போவார், வெட்கப்படுவார். “என்ன பாத்தீங்க?” என்று தோண்டாமல் தண்ணீர் கொடுத்துப் படுக்க விடுங்கள்.

மலையகம் பழகிவிட்டது என்று ஊருக்குப் போனில் சொல்கிறோம். பழகியதுதான். ஐந்து பொருள் சொல்லச் சொல்லிவிட்டு நாமும் கூடவே எண்ணுவோம்: குடை, கொழுந்துக்கூடை, கதவு, விளக்கு... ஐந்தாவதாகக் கண்ணில் படுவது காவிரிப் படித்துறை. ஈரப் படியில் பூக்காரம்மா, தண்ணீரில் மிதக்கும் கதம்பம்.

“புள்ள, பிளேன்டீ ஆறுது” என்கிறார் அவர்.