பில்லில் இல்லாத ஊசி

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஊர். டவுனில் ஒரு நர்சிங் ஹோம், சுகப்பிரசவம், பையன், 2.9 கிலோ, மூன்றாம் நாள் வீடு. அதுவரை சொல்ல ஒன்றுமில்லை. வினை ஆரம்பித்தது 46ஆம் நாள்.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஆறாவது வாரத்து ஊசிகள்: இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, கையில் ஒன்று, வாயில் சொட்டு மருந்து. பதினொரு மணிக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊசி போட்ட இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வரும், பஞ்சை வைத்தால் நிற்கும், எல்லாருக்கும் தெரிந்ததுதான். இவனுக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கும் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. வழியவில்லை, சொட்டவில்லை. துணியில் மை ஊறுகிற மாதிரி, மாற்ற மாற்ற ஊறியது. மூன்று பஞ்சு மாற்றிய பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள்.

கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டேன். "பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நடுவுல எடுத்துப் பார்க்காதீங்க" என்றார். பிடித்தோம். எடுத்தால் மறுபடியும் சிவப்பு. அரை மணி நேரத்தில் அவரே ஸ்கூட்டியில் வந்துவிட்டார். வந்தவர் தொடையைவிட அதிக நேரம் பார்த்தது முதுகை. விலாவுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நீலமாக ஒரு தடம். எங்களுக்குத் தெரியாதது இல்லை, நான்கு நாளாக இருக்கிறது. குளிப்பாட்ட வரும் பாட்டி அழுத்திப் பிடித்துவிட்டார் என்று நாங்களே முடிவு கட்டி, அம்மா அந்தப் பாட்டியிடம் சண்டையும் போட்டாயிற்று.

"பிறக்கும்போதே இருந்துச்சா?"

இல்லை.

"பிறந்தப்ப வைட்டமின் கே ஊசி போட்டாங்களா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். "ஏதோ ஊசி போட்டாங்க" என்றாள் அம்மா. இந்த "ஏதோ ஊசி"தான் அடுத்த ஒன்பது நாள் என்னை நாயாக அலைய வைத்தது.

"இங்க எங்கயும் நிக்காதீங்க, நேரா திண்டுக்கல் போங்க" என்று அவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு ஆயுசு முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். பக்கத்து கிளினிக்கில் காட்டியிருந்தால் பேண்டேஜ் ஒட்டி அனுப்பியிருப்பார்கள், நாங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

ஏழரை மணிக்குக் குழந்தை டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். முதலில் உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். புடைத்திருந்தால் மண்டைக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். வாந்தி எடுத்தானா, வழக்கத்தைவிடக் கீச்சென்று அழுகிறானா, பால் குடிக்காமல் தூங்கி வழிகிறானா என்று கேட்டார். அப்புறம் மலம் என்ன நிறம் என்றார். இதற்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முழித்தேன். வெளிறிய மலமும் விடாத மஞ்சள் காமாலையும் இருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம், பித்தநீர் இல்லாமல் வைட்டமின் கே உடம்பில் சேராது, வைட்டமின் கே இல்லாமல் ரத்தம் சரியாக உறையாது என்று பிறகு சொன்னார். வலிப்புக்கோ காசநோய்க்கோ தங்கச்சி மாத்திரை சாப்பிட்டாளா என்றும் கேட்டார். அந்த மருந்துகளில் சில, பிறந்த முதல் நாளிலேயே ரத்தக்கசிவைக் கொண்டுவரும்.

கடைசியாக என் பக்கம் திரும்பினார். "நீங்க தாய்மாமனா? சின்ன வயசுல பல்லு புடுங்கினா, அடிபட்டா, ரத்தம் நிக்காம இருந்திருக்கா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹீமோபிலியா என்ற ரத்தம் உறையாத நோய் தாய்வழியில் ஆண் பிள்ளைகளுக்கு வருவது, அதனால் மாமன்காரனைத்தான் விசாரிக்க வேண்டும் என்றார். சீர் செய்யத்தான் மாமன் என்று நினைத்திருந்தேன், இதற்கும் கூப்பிடுவார்கள் போல.

ரிசல்ட்டுக்காக அவர் காத்திருக்கவில்லை. ரத்தம் எடுத்த கையோடு வைட்டமின் கே ஒரு மில்லிகிராம், நரம்பு வழியாக, மெதுவாக. ரத்தம் உறையாத குழந்தைக்குத் தசையில் குத்தினால் அங்கேயும் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் இப்படி.

இனிமேல்தான் என் பாடு. ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு நீல மூடி டியூப். அதை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த லேப்புக்கு ஓடினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கோடு வரைக்கும் ரத்தம் இல்லையாம். உள்ளே இருக்கும் திரவமும் ரத்தமும் ஒன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில் இருக்க வேண்டும், குறைந்தால் ரிசல்ட் தப்பாக வரும். சரிதான், ஆனால் நாலு கிலோ குழந்தையிடம் இன்னொரு தடவை ஊசி குத்த வேண்டுமே. திரும்ப வந்து, சின்ன அளவு டியூப் கேட்டு வாங்கி, எடுத்து, மறுபடி ஓட்டம். குழந்தைக்கு இந்த டெஸ்ட் என்றால் முன்கூட்டியே சின்ன டியூப் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நாற்பது நிமிடம் மிச்சம்.

ரிசல்ட் வந்தது. உறையும் நேரத்தை இரண்டு விதமாகப் பார்ப்பார்களாம், இரண்டுமே எக்கச்சக்கமாக நீண்டிருந்தன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியாக இருந்தன. ஹீமோபிலியாவாக இருந்தால் அதில் ஒன்று மட்டும்தான் நீளும். மாமன் தப்பித்தான்.

பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, ஏற்ற வேண்டும், ஐம்பது மில்லி, ரத்த வங்கிக்குப் போங்கள் என்றார்கள். மணி பத்தரை. அங்கே இருந்தவர் படிவத்தையும் டியூபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பேர் வேற வேறயா இருக்கு, தர முடியாது" என்றார். பெயர் வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டதால் படிவத்தில் பையனின் பெயர். டியூபில் ஒட்டிய சீட்டில் "பேபி ஆஃப்" போட்டுத் தங்கச்சியின் பெயர். "சார், ஒரே குழந்தைதான் சார்" என்று கத்தினேன், கெஞ்சினேன், மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பேச வைத்தேன். அவர் அசையவில்லை. அன்று இரவு அவரை மனதுக்குள் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை. இப்போது யோசித்தால் அவர் செய்ததுதான் சரி. பெயர் மாறினால் ரத்தம் மாறும். தப்பு, ஒரே குழந்தைக்கு இரண்டு பெயர் எழுதிய மருத்துவமனைப் பக்கம். மறுபடி அங்கே போய், புதுச் சீட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கி வந்தேன். உறைந்த பிளாஸ்மாவை வெந்நீர்த் தொட்டியில் 37 டிகிரியில் உருக்க இன்னொரு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

விடியற்காலை நான்கு மணிக்குப் பஞ்சு காய்ந்திருந்தது. தங்கச்சி அதை எடுத்து வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் எடுத்த டெஸ்ட்டில் உறைதல் நேரம் இயல்புக்கு வந்துவிட்டது. தலை ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. வைட்டமின் கே குறைவால், பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு வரும் இந்த வகை ரத்தக்கசிவில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு மண்டைக்குள்தான் கசியுமாம். அந்த நீலத் தடமும் பஞ்சும் எங்களுக்கு முன்னெச்சரிக்கையாக அமைந்தது அதிர்ஷ்டம்.

மறுநாள் பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருவர், "தாய்ப்பால்ல சத்து இல்ல, பவுடர் பால் கொடுங்க" என்று ஆரம்பித்தார். இன்னொருவர், "பத்தியம்னு கீரையைத் தொட விடலையா?" என்றார். தங்கச்சி முகம் சுருங்கிப்போனது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் கேட்டேன். எந்தத் தாயின் பாலிலும் வைட்டமின் கே கொஞ்சம்தான், லிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம், குழந்தைக்கோ ஒரு நாளைக்கே 2 மைக்ரோகிராம் வேண்டும் என்றார். கருவில் நஞ்சுக்கொடி வழியாகவும் சரியாகப் போகாது. அதைத் தயாரிக்கும் குடல் பாக்டீரியாவும் பிறந்த குழந்தையிடம் இன்னும் குடியேறியிருக்காது. கீரை சாப்பிட்டு ஈடுகட்டுகிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் பிறந்ததும் தொடையில் ஒரு மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம் போடுவது. ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் அரை மில்லிகிராம். பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறை 2014இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னதும் பவுடர் பால்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியானால் எங்கள் பையனுக்குப் போட்டார்களா, இல்லையா? டிஸ்சார்ஜ் சம்மரியில் பி.சி.ஜி. இருக்கிறது, போலியோ சொட்டு இருக்கிறது, மஞ்சள் காமாலை தடுப்பூசி இருக்கிறது. வைட்டமின் கே இல்லை. அது தடுப்பூசி இல்லை என்பதால் தடுப்பூசி அட்டவணையிலும் வராது. அம்மா எல்லா பில்லையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருப்பவள். அதைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மருந்துக்கடை பில்லில் பஞ்சு இருக்கிறது, கையுறை இருக்கிறது, குழந்தைக்குப் போட்ட டயப்பர்கூட இருக்கிறது. அந்த வைட்டமின் கே ஊசி மருந்து மட்டும் இல்லை.

சனிக்கிழமை நர்சிங் ஹோம் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் பில்லைப் பார்த்துவிட்டு, "அது வார்டு ஸ்டாக்ல இருந்து போடறது சார், பில்லுல வராது" என்றார். அப்போ கேஸ் ஷீட்டைக் காட்டுங்கள் என்றேன். ரெக்கார்டு ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு. திங்கள்கிழமை போனால், பேஷன்ட் நேரில் வர வேண்டும் என்றார். தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள், கையில் குழந்தை. கடிதம் கொடுத்து அனுப்பினால் போதாதா என்றதற்கு, "கோர்ட் ஆர்டர் இருந்தா பார்க்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பேற்றியது.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளி பதிவுகளை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டால் நடக்காது. தங்கச்சி கையெழுத்தோடு இரண்டு பிரதி எழுதினேன், விதியையும் குறிப்பிட்டேன், ஒன்றில் பெற்றுக்கொண்டதாக சீலும் தேதியும் கேட்டேன். சீல் வைக்கத்தான் அவர் அதிகம் யோசித்தார். வைக்கும்வரை நகரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. சீல் விழுந்ததும் கோர்ட் ஆர்டர் பேச்சு காணாமல் போனது.

வெள்ளிக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். குழந்தையின் பக்கம் ஒரே ஒரு தாள். பிறந்த நேரம் இரவு 8.10, டியூட்டி மாறுகிற நேரம். மஞ்சள் காமாலை தடுப்பூசிக்கு நேரே நேரமும் கையெழுத்தும் இருந்தன. அதற்கு மேல் வரியில் வைட்டமின் கே என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே தேதி, நேரம், கையெழுத்து மூன்று கட்டமும் காலி.

"எழுத மறந்திருப்பாங்க சார், போட்டிருப்பாங்க" என்றார் அவர்.

நான் பதில் சொல்லவில்லை. நகல் எடுக்கப் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்றார். பதினோரு பக்கம், ஐம்பத்தைந்து ரூபாய் கொடுத்தேன். திரும்பி நடந்தபோது அம்மா நகரவில்லை. "அதுக்கு பில் கொடுப்பா" என்று கையை நீட்டினாள். கொடுத்தார். அதை நான்காக மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் படி இறங்கினாள்.