பெயர் சூட்டப்பட்ட பின் வந்த குளவி

சேலம் மாவட்டத்தில் உள்ள எங்கள் மரவள்ளித் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் செடிகளின் குருத்துகள் சுருங்கி, கணுக்கள் நெருங்கி, நுனி இலைகள் முட்டைக்கோசு போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றபோது, தேமல் நோய்தான் புது வடிவில் வந்திருக்கிறது என்று நினைத்தோம். சுருண்ட இலையைப் பிரித்தபோதுதான் உள்ளே வெள்ளை மாவு பூசிய பூச்சிகள், மாவுப்பூச்சிகள் எனப்படுபவை, அடையடையாக இருப்பது தெரிந்தது. மருந்துக் கடையில் கொடுத்த பூச்சிக்கொல்லியை இரண்டு முறை தெளித்தோம். வெளியே இருந்தவை செத்தன. சுருளுக்குள் இருந்தவை தப்பிப் பெருகின.

பின்னொரு பருவத்தில், அதே தோட்டத்தில், வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உப்பி விறைத்துப்போன சில உடல்களைக் கண்டேன். இலையோடு பறித்து ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவைத்தேன். நான்காம் நாள் காலையில் அந்த உடல்களில் ஒன்றின் பின்புறத்தில் வட்டமாக ஒரு துளை இருந்தது. புட்டியின் சுவரில், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் குளவிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க, இவற்றின் வகைப்பாடும் எங்கள் தோட்டத்தின் விளைச்சலும் எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்பதே என் மனத்தில் ஆழப் பதிந்தது. அதை எழுதவே இந்தப் பதிவு.

குளவி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி. அது பச்சைப் புழுவைக் கொட்டி மயக்கித் தூக்கி வந்து கூட்டுக்குள் அடைத்து, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போகும். சில வாரங்களில் அந்தக் கூட்டிலிருந்து குளவி வெளிவருவதைக் கண்ட நம் முன்னோர், புழுவே குளவியாகிவிட்டது என்று எண்ணினார்கள். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற வழக்கு அப்படி எழுந்தது. அவர்கள் கண்ணால் கண்டதில் பிழை இல்லை. மூடிய கூட்டுக்குள், தாய்க்குளவி இட்ட முட்டை பொரிந்து, அதிலிருந்து வந்த புழு அடைத்து வைத்த இரையைத் தின்று வளர்ந்தது மட்டுமே அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை. இந்த மண்கூட்டுக் குளவியை அறிவியலார் வேட்டைக் குளவி என்கிறார்கள். ஒட்டுண்ணிக் குளவி இரையைத் தூக்கிச் செல்வதில்லை, கூடும் கட்டுவதில்லை. தன் புழுவுக்கு உணவாகப்போகும் பூச்சி, அதாவது ஓம்புயிரி, இருக்கும் இடத்திலேயே அதன் உடலிலோ உடலுக்குள்ளோ முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும்.

ஒட்டுண்ணி என்ற சொல்லும் இவற்றுக்கு முழுமையாகப் பொருந்தாது. பேனும் உண்ணியும் நம் இரத்தத்தைக் குடித்தாலும் நம்மைக் கொல்வதில்லை. ஒட்டுண்ணிக் குளவியின் புழுவோ ஓம்புயிரியைத் தின்று வளர்ந்து, முடிவில் அதைக் கொன்றுவிடுகிறது. ஆனால் முதிர்ந்த குளவி சுதந்திரமாகப் பறந்து திரிகிறது. இந்த வேறுபாட்டைக் குறிக்க 1913-ல் ராய்ட்டர் என்ற பின்லாந்து அறிஞர் 'பாராசிட்டாய்டு' என்ற தனிச் சொல்லை உருவாக்கினார். தமிழில் அதற்கு நிலைபெற்ற சொல் இல்லாததால் வழக்கில் உள்ள ஒட்டுண்ணிக் குளவி என்பதையே நானும் எழுதுகிறேன்.

எறும்பு, தேனீ, குளவி ஆகிய மூன்றும் சவ்விறகிகள் எனப்படும் ஹைமனோப்டிரா வரிசையைச் சேர்ந்தவை. இவ்வரிசையில் மிகப் பழையவை, இடை சிறுக்காத ரம்பக் குளவிகள். அவற்றில் பெரும்பாலானவை இலை தின்பவை. ஒரே ஒரு குடும்பம் மட்டும், ஒருசைடே என்பது, மரத்துக்குள் வாழும் வண்டுப் புழுக்கள் போன்றவற்றின் மேல் ஒட்டுண்ணியாக வாழ்கிறது. அந்தக் குடும்பமும் இடை சிறுத்த மற்றெல்லாக் குளவிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்றும், ஒட்டுண்ணி வாழ்க்கை அந்த மூதாதையிடம் ஒரே முறைதான் தோன்றியது என்றும் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முட்டையிடும் ஊசி அவற்றின் ஒரு கிளையில் நஞ்சு செலுத்தும் கொடுக்காக மாறியது. அந்தக் கிளையிலிருந்தே வேட்டைக் குளவிகளும், எறும்புகளும், தேனீக்களும் வந்தன. ஆகவே ஒட்டுண்ணிக் குளவிகள் என்று நாம் சொல்லும் கூட்டத்தை ஒரு தனிக் குலமாகக் கொள்ள முடியாது. தேனீயையும் எறும்பையும் வேட்டைக் குளவியையும் விட்டுவிட்டு எஞ்சியவற்றுக்கு, வாழும் முறையை வைத்து இட்ட பெயர் அது.

இக்கூட்டத்தின் பெரிய குடும்பம் இக்நியூமோனிடே. விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் மட்டும் ஏறத்தாழ 25,000. அதன் அடுத்த உறவு பிராக்கோனிடே. இவ்விரண்டிலும் உணர்கொம்பு நூல் போல் நீண்டிருக்கும். இறகில் நரம்புகள் தெளிவாகத் தெரியும். எங்கள் தோட்டத்துக் குளவி சார்ந்த கால்சிட் கூட்டமோ இறகில் நரம்பே இல்லாதது போலத் தோன்றும். உணர்கொம்பு முழங்கை போல் மடங்கியிருக்கும். உலகின் மிகச் சிறிய பூச்சிகள் இந்தக் கூட்டத்தில்தான் உள்ளன: டைக்கோபோமார்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்னும் இனத்தின் ஆண் 0.139 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதற்கு இறகும் இல்லை, கண்ணும் இல்லை. கால்சிட்களின் வகைப்பாடு இன்னும் நிலைகொள்ளவில்லை. டெரோமாலிடே என்ற ஒரே குடும்பத்துக்குள் வேறிடம் தெரியாதவற்றையெல்லாம் நெடுங்காலம் போட்டு வைத்திருந்தார்கள். 2022-ல் அது பல குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டு, இன்று வாழும் கால்சிட் குடும்பங்களின் எண்ணிக்கை 50 ஆயிற்று.

என் புட்டியில் இருந்த குளவியை நான் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். தொட வந்தால் நடுக்கால்களை உந்தித் துள்ளியது; அது என்சிர்டிடே குடும்பத்தின் அடையாளம். பெண்ணின் உணர்கொம்பின் அடிக்கணு தட்டையாக அகன்றிருந்தது. அது அனகைரஸ் பேரினத்தைக் காட்டுவது. அதற்கு மேல் சிற்றினத்தை உறுதிசெய்ய, ஆண்டுக்கணக்கில் அக்குடும்பத்தைப் பயின்றவர்களின் கண் வேண்டும்.

அந்தப் பேரினத்தில், மரவள்ளி மாவுப்பூச்சியின் எதிரியான அனகைரஸ் லோபெசி என்ற இனத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பெண் குளவி மாவுப்பூச்சியை உணர்கொம்பால் தட்டித் தட்டி ஆராய்ந்து, பொருத்தமென்று கண்டால் ஊசியை இறக்கி முட்டையிடுகிறது. சில பூச்சிகளைக் குத்தி, கசியும் நீரைத் தான் குடித்து உயிர் வளர்க்கிறது. அந்த வகையிலும் மாவுப்பூச்சிகள் சாகின்றன. சவ்விறகிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எந்த முட்டையைக் கருவுறச் செய்வது என்பதைத் தாயே தீர்மானிப்பதால், சிறிய மாவுப்பூச்சியில் ஆணையும், உணவு மிகுந்த பெரிய பூச்சியில் பெண்ணையும் வைக்கிறது. முட்டையிலிருந்து குளவியாக இரண்டு மூன்று வாரங்கள் போதும்.

உயிருள்ள உடலுக்குள் வளர்வது எளிதன்று. அந்நிய முட்டையை ஓம்புயிரியின் இரத்த அணுக்கள் சூழ்ந்து மூச்சடைக்கச் செய்துவிடும். என்சிர்டிடே குடும்பத்தின் சில இனங்களில் முட்டையின் காம்பு ஓம்புயிரியின் தோலுக்கு வெளியே நீண்டிருக்க, அதன் வழியாகப் புழு காற்றைப் பெறுகிறது. பிராக்கோனிடே குளவிகள் பல, முட்டையோடு வைரஸ் துகள்களையும் செலுத்தி, ஓம்புயிரியின் எதிர்ப்பாற்றலை முடக்கிவிடுகின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு வைரஸ் குளவியின் மரபணுத் தொகுதியிலேயே கலந்து, அன்றிலிருந்து தாயிடமிருந்து சேய்க்கு இறங்கிவருகிறது. உயிரியலில் நான் படித்தவற்றுள் இதைவிட வியக்கத்தக்க ஒன்றை இதுவரை கண்டதில்லை. கரும்புத் தோட்டங்களில் காகித அட்டையில் ஒட்டிக் கட்டப்படும் டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவிக்கு இந்தப் போராட்டம் பெரும்பாலும் இல்லை. அது இடைக்கணுப் புழுவின் முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு, புழு பிறக்கும் முன்பே வேலையை முடித்துவிடுகிறது.

இனி மரவள்ளிக்கு வருகிறேன். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்ற பயிர். 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் அதில் ஒரு மாவுப்பூச்சி தோன்றி, கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவை அழித்துக்கொண்டே நாடு நாடாகப் பரவியது. 1977-ல் மாட்டில்-ஃபெரெரோ என்ற பிரெஞ்சு வகைப்பாட்டியலாளர் அதற்கு ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். அதன் தாயகம் தென்னமெரிக்காவாகவே இருக்க வேண்டும் என்று தேடியவர்கள், அக்கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியின் மேல் அதே போன்ற பூச்சியைக் கண்டு, அதன் எதிரிக் குளவிகளைச் சேகரித்தார்கள். அவை ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவில்லை. கூர்ந்து நோக்கியபோது, ஆப்பிரிக்கப் பூச்சியில் ஆணே கிடையாது, பெண்கள் தாமே இனம் பெருக்குகின்றன, வடபகுதிப் பூச்சியிலோ ஆணும் உண்டு என்று தெரிந்தது. அது வேறு சிற்றினம். 1981-ல் ஃபெனகாக்கஸ் ஹெரெனி என்று பெயர் பெற்றது. அதே 1981-ல் பெலோட்டி என்ற ஆய்வாளர் பராகுவேயில் உண்மையான மனிஹோட்டியைக் கண்டார். அங்கிருந்துதான் லோபெசி கிடைத்தது. நைஜீரியாவில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் அந்த ஆண்டே விடத் தொடங்கிய அக்குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகளில் பரவி, பூச்சியை அடக்கியது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. லோபெசிக்கு அர்ஜென்டினாவின் டி சாந்திஸ் 1964-லேயே பெயரிட்டிருந்தார் என்பதை இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அப்போது அந்தக் குளவியால் யாருக்கும் எந்தப் பயனும் இருக்கவில்லை.

நம் ஊரில் நடந்ததும் இதே போன்றதே. 2008-ல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று வேற்றுமை பாராமல் தமிழகம் முழுவதும் பரவியது. அந்தப் பூச்சிக்குப் பெயர் வந்தது 1992-ல். அதன் எதிரியான அசெரோஃபேகஸ் பப்பாயே குளவிக்குப் பெயர் வந்தது 2003-ல். பெயரும் இருப்பிடமும் ஏட்டில் இருந்ததால்தான் 2010-ல் பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனம் அதையும் வேறு இரண்டு குளவிகளையும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்க முடிந்தது. மூன்றில் நன்றாக நிலைத்தது பப்பாயேதான். 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்திறங்கியபோது, எந்தக் குளவி வேண்டும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து லோபெசி வந்தது. 2022 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.

குளவி விடப்பட்ட தோட்டத்தில் எறும்பையும் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, குளவியை விரட்டும். உறவில் இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. பூச்சிக்கொல்லியோ மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் மாவுப்பூச்சியைவிட, திறந்த வெளியில் பறக்கும் குளவியையே முதலில் கொல்கிறது. இவ்விரண்டையும் அறிந்த பிறகு நாங்கள் தெளிப்பதை நிறுத்திவிட்டோம். கிழங்கு பிடுங்கும் நாளில் குச்சிகளை வெட்டிக் கட்டும் முன், பழுப்பேறிய உடல்கள் ஒட்டியிருக்கும் இலைகளை மட்டும் பிரித்தெடுத்து, அடுத்த வயலில் இளஞ்செடிகளின் குருத்தடியில் செருகி வைக்கிறேன்.