கைப்பிடி வேண்டாம் என்றார் அண்ணாச்சி

அந்தக் கொடைக்கானல் வீட்டுக் கண்ணாடி வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தது சரிதானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சியோடு பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசியதுதான் மனதில் திரும்பத் திரும்ப ஓடுகிறது.

பால்கனிக்குக் கண்ணாடித் தடுப்பு. கீழே அலுமினியச் சேனலில் கண்ணாடி நிற்கும், மேலே ஸ்டீல் கைப்பிடி சுவருக்குச் சுவர் ஓடும். அந்தக் கைப்பிடியைத்தான் எடுக்கச் சொன்னார். "உக்காந்து பாத்தா கம்பி மலைக்குக் குறுக்க வருது தம்பி. உடையாத கண்ணாடின்னு நீங்கதான சொல்லுதிய, பின்ன எதுக்குக் கம்பி?"

உடையாது என்று நான் சொல்லவே இல்லை. உடைந்தாலும் சட்டென்று விழாது என்றேன். டஃபண்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, பலமானதுதான், ஆனால் உள்ளே நிக்கல் சல்ஃபைடு துணுக்கு ஒன்று மாட்டியிருந்தால் யாரும் தொடாமலே என்றைக்கோ ஒருநாள் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், சூட்டில் வைத்துச் சோதித்து அனுப்பினாலும் அந்த ஆபத்து குறையுமே தவிர அடியோடு போகாது. அதற்காகத்தான் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டுகிறோம். ஒன்று போனால் மற்றது தாங்கும். இரண்டும் போனால் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஈரத்துணி மாதிரி மடங்கும். சாய்ந்து நிற்கிறவருக்கு அப்போது கைப்பிடியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

"குளிர்ல பிவிபி விறைப்பாத்தான இருக்கும்?" என்றார் இன்ஜினியர் மருமகன். உண்மைதான். ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் மதிய வெயிலில் கண்ணாடி சுடும், படலம் இளகும். இன்னும் விறைப்பான எஸ்ஜிபி படலம் போடலாம் என்றேன். விலையைக் கேட்டதும் அண்ணாச்சி பேச்சை மாற்றிவிட்டார்.

இத்தனைக்கும் சிட்-அவுட் அடைப்புக்கு நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். திருநெல்வேலியில் காற்றோடு மூடிய இரட்டைக் கண்ணாடியை அங்கே கொண்டுபோனால், வெளியழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால் உள்காற்று கண்ணாடியைப் பிதுக்கும், நாளாக ஓரத்து ஒட்டு விட்டு உள்ளே நீர் பூக்கும், அதனால் அழுத்தம் சமமாக ஒரு மெல்லிய குழாய் வைக்க வேண்டும் என்றதும் இருவருமே தலையாட்டினார்கள். கண்ணாடி மங்கினால் கண்ணுக்குத் தெரியும். பால்கனியில் நான் பயந்தது நடக்காமலே போகலாம். அதற்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது?

"அப்படின்னா எனக்கு முடியாது அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டேன். பிறகு வேறொருவர் செய்து கொடுத்தார். ஒற்றை 12 மில்லிமீட்டர் டஃபண்ட், படலமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. நான் செய்திருந்தால் படலமாவது இருந்திருக்கும். பட்டறையில் மூத்தவர் அதைத்தான் கேட்கிறார்: "நீ விட்டுட்டு வந்ததுல யாருக்கு என்ன லாபம்?" பாதுகாப்பில்லை என்று தெரிந்த ஒன்றை, இதைவிட மோசமானது வந்துவிடுமே என்பதற்காக நான் செய்திருக்க வேண்டுமா? ஒருநாள் ஆமாம் என்று தோன்றுகிறது, மறுநாள் முடியவே முடியாது என்று தோன்றுகிறது.

போன வாரம் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, கூலி வேண்டாம், கைப்பிடி மட்டும் வந்து மாட்டித் தருகிறேன் என்றேன். யோசிச்சுச் சொல்லுதேன் என்றார். பரீட்சை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் அங்கே வருமுன் சொல்லிவிடுங்கள் என்றேன்.