ஒரே தாளில் இரண்டு எழுத்து

பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவில் ஒரு போராட்டத்துக்கு ஆதரவுச் சுவரொட்டி என்றால் தமிழும் மலையாளமும் ஒரே தாளில் வந்தாக வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் ஒரே தெருவில் இரண்டையும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மொழியைப் பெரிதாகப் போட்டு மற்றதைக் கீழே பொடி எழுத்தில் ஒட்டினால், ‘உங்களோடு நிற்கிறோம்’ என்ற வாசகத்தை யாரும் நம்பமாட்டார்கள். பல சமூகத்து ஓவியர்கள் சேர்ந்து செய்யும் வேலையில் ஒற்றுமை முதலில் தெரிவது எழுத்தின் அளவில்தான்.

ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மக்களின் ஒற்றுமைக்காக ஹவானாவில் 1966இல் தொடங்கிய ஓஸ்பால் அமைப்பின் பல சுவரொட்டிகளில் ஸ்பானிஷ், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு நான்கும் ஒரே சிறிய அளவில் இருக்கும். பேச்சையெல்லாம் படம் பார்த்துக்கொள்ளும். அவர்களுடைய இதழுக்குள் மடித்து அனுப்பிய தாளுக்கு அது சரி. பஸ் ஸ்டாப்பில் பத்தடி தள்ளி நின்று படிக்கிற தாளுக்கு எழுத்தும் பெரிதாக வேண்டும்.

படத்துக்குக் கோத்த கைகளும் பூமி உருண்டையும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இதே தாலுகாவின் பிளாச்சிமடையில் 2002 ஏப்ரல் 22 அன்று இரவாளர், மலசர் பழங்குடி மக்கள் கோகோ கோலா ஆலைக்கு எதிரே உட்கார்ந்தபோது பிரச்சினை கிணற்றுத் தண்ணீர். அங்கே குடம் ஒன்று போதும், எல்லோருக்கும் புரியும். முகத்தை வரைவதானால் உரியவரிடமும் ஊராரிடமும் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே பிரஸ்ஸுக்குப் போகவேண்டும்.

நிறத்தில் இன்னும் கவனம் தேவை. சிவப்பும் பச்சையும் காவியும் கட்சிக்கொடிகள். கருப்பு சிவப்பு சேர்ந்தால் தி.மு.க.; மஞ்சள் ஈழவர் சமூக அமைப்பான எஸ்.என்.டி.பி. மண்பழுப்பும் மயில்நீலமும் யாருடைய கொடியையும் நினைவூட்டாது.

எழுத்துருவுக்கு, தமிழுக்கான பலூ தம்பியும் மலையாளத்துக்கான பலூ சேட்டனும் ஒரே குடும்பம். தடிமன் ஒத்துப்போகும், இலவசம். இரண்டுக்கும் ஒரே பாயிண்ட் கொடுத்தாலும் கண்ணுக்கு ஒரே உயரமாகப் படும் என்று நம்பிவிடக் கூடாது. ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் பத்தி அமைப்பை வேர்ல்ட் ரெடிக்கு மாற்றாவிட்டால் தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கும், மலையாளக் கூட்டெழுத்து உடைந்து சந்திரக்கலையோடு (நம் புள்ளிபோல மெய்யைக் காட்டும் பிறைக்குறி) தொங்கும். கர்வ் பண்ணிய பிறகும், அதாவது எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றிய பிறகும், ஒருமுறை படிக்க வேண்டும். அதை எழுதியவரே படித்தால் பிழை கண்ணில் படாது. தமிழுக்கு ஒருவர், மலையாளத்துக்கு ஒருவர், இருவரும் புதியவர்களாக இருக்கட்டும்.

2019இல் கேரளத்தில் பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை வந்ததால் இப்போது துணி, தாள் வேலைதான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை இறங்கும் வலைத்துணியான மெஷ், தாளுக்கு 77டி முதல் 90டி வரை, துணிக்கு 43டி; எண் என்பது சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்பது. அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து விடும்போது முதலில் போவது புள்ளிதான். நான்கு பக்கமிருந்தும் மை உள்ளே பரவி அந்தச் சின்ன வட்டத்தை அடைத்துவிடும். ‘க்’ போய் ‘க’ நிற்கும். மலையாளத்தில் சந்திரக்கலைக்கும் இதே கதி. புள்ளியின் விட்டம் தாளில் 2 மில்லிமீட்டருக்குக் குறையாதபடி வடிவத்திலேயே பெரிதாக்கிவிட வேண்டும். எக்ஸ்போஷர் கூடினாலும் நுணுக்கம் போகும். குறைந்தால் கழுவும்போது எமல்ஷன், அதாவது மெஷ்ஷின் மேல் தடவி ஒளியில் இறுகவைக்கும் பூச்சு, உரிந்து வரும்.

இரண்டு நிறமென்றால் இளநிறம் முதலில், அடர்நிறம் அதன் மேல். ஜூன், ஜூலையில் மழைக்காற்றை உறிஞ்சித் தாள் விரியும். காலையில் அடித்த நிறத்தின் மேல் சாயங்காலம் அடுத்ததை அடித்தால் ரிஜிஸ்டர் (இரண்டு நிறமும் பொருந்தும் இடம்) விலகி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அடர்நிறம் ஒரு மில்லிமீட்டர் ஏறி நிற்கும்படி வைத்துக்கொண்டால் தப்பலாம். தாளை முதல்நாளே அச்சடிக்கும் அறையில் பிரித்து வைப்பதும் நல்லது.

படத்துக்கு ஒரு ஃபிலிம், தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என்று ஸ்கிரீனில் உருவத்தை ஏற்றும் பாசிட்டிவைத் தனித்தனியாகப் போடுவது கொஞ்சம் செலவு. ஆனால் அதே குடத்தைப் பொள்ளாச்சிக்காரர்கள் தமிழோடு மட்டும் அடிக்கலாம். ஆந்திரத்தின் நகரியில் தமிழுக்குப் பக்கத்தில் தெலுங்கு ஃபிலிமை வைத்து அடிக்கலாம். தெலுங்குக்கு அந்தக் குடும்பத்திலேயே பலூ தம்முடு இருக்கிறது. கூட்டெழுத்தின் இரண்டாம் மெய்யான ஒத்தெழுத்து கீழே இறங்கும் என்பதால் வரி இடைவெளியை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும்.